விசா 2031 வரை இருக்கிறது, அதுவரை தங்கலாமா?

வாசகர் கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மகளும் மருமகனும் அமெரிக்காவில், நியூஜெர்சியில், ஹெச்1பி விசாவில் வேலை பார்க்கிறார்கள். எனக்கும் கணவருக்கும் பத்து வருட டூரிஸ்ட் விசா 2031 வரை இருக்கிறது. போன முறை ஐந்தரை மாதம் தங்கினோம். திரும்பி வந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது மகளுக்குப் பிரசவ நேரம். சம்பந்தி வீட்டாருக்கு விசா மறுத்துவிட்டார்கள். அதனால் குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை எங்களையே இருக்கச் சொல்கிறாள். விசா 2031 வரை இருப்பதால் தாராளமாக இருக்கலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கனடா போய் வந்தால் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்கிறார் இன்னொருவர். ஏர்போர்ட்டில் குழந்தையைப் பற்றி வாயே திறக்காதீர்கள் என்கிறார் மருமகனின் நண்பர். கணவரின் பழைய பாஸ்போர்ட் முடிந்து புதியது வாங்கிவிட்டோம். விசா பழையதில்தான் இருக்கிறது. இதில் எதை நம்புவது?

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. மகளின் பிரசவத்துக்குக் கூட இருக்கப் போவது உங்கள் விசாவில் முழுக்க முழுக்க அனுமதிக்கப்பட்ட காரணம். அதில் ஒளித்து மறைக்க எதுவும் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே மறந்துவிடுங்கள். இந்த ஒரு நம்பிக்கையால் விசாவை இழந்த பெற்றோர்களை என் தொழிலில் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவில் உள்ள 2031, நீங்கள் அமெரிக்காவின் வாசலுக்குப் போய் உள்ளே விடச் சொல்லிக் கேட்பதற்கான கடைசித் தேதி. அவ்வளவுதான். உள்ளே போன பிறகு எத்தனை நாள் இருக்கலாம் என்பதை அந்த ஸ்டிக்கர் சொல்வதே இல்லை. அதைச் சொல்வது ஐ-94 என்ற பதிவு. விமான நிலையத்தில் இமிக்ரேஷன் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி அந்த நிமிடத்தில் முடிவு செய்து கொடுப்பது அது. விசா முடிவதற்கு முந்தின நாள் போய் இறங்கினாலும் ஆறு மாதம் கிடைக்கலாம். விசாவில் இன்னும் பல வருடம் பாக்கி இருந்தாலும் ஐ-94 தேதி முடிந்த மறுநாள் நீங்கள் அங்கே சட்டவிரோதமாக இருப்பவர்தான்.

இந்தக் குழப்பம் ஏன் வருகிறது என்றால், நமக்கு எல்லாமே 'அமெரிக்கக்காரன்' என்ற ஒரே ஆள். அங்கே மூன்று தனித்தனி அலுவலகங்கள் இருக்கின்றன. சென்னையில் இன்டர்வியூ செய்து விசா கொடுப்பது வெளியுறவுத் துறையின் கீழ் வரும் துணைத் தூதரகம். விமான நிலையத்தில் உள்ளே விடுவதும் நாள் குறிப்பதும் சிபிபி என்ற எல்லைக் காவல் அமைப்பு. உள்ளே இருக்கும்போது நீட்டிப்பு கேட்டால் பார்ப்பது யுஎஸ்சிஐஎஸ். ஒருவர் கொடுத்ததை வைத்து இன்னொருவரிடம் உரிமை கொண்டாட முடியாது. தூதரகம் விசா கொடுத்துவிட்டது என்பதற்காக சிபிபி அதிகாரி உள்ளே விட்டே ஆக வேண்டும் என்றில்லை. அதனால் யார் என்ன சொன்னாலும், 'இது எந்த அலுவலகத்தின் விதி, எந்தத் தாளில் இருக்கிறது' என்று திருப்பிக் கேளுங்கள். பாதி வதந்தி அங்கேயே நின்றுவிடும்.

சரி, ஐ-94ஐ எங்கே பார்ப்பது? விமானத்தில் வெள்ளைத் தாளில் நிரப்பிக் கொடுத்த காலம் 2013இல் முடிந்துவிட்டது. இப்போது அது கணினிப் பதிவு. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதையும் பல விமான நிலையங்களில் குறைத்து வருகிறார்கள். முத்திரை இல்லையே என்று பதற வேண்டாம். மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த ஓரிரு நாளுக்குள் சிபிபியின் ஐ-94 இணையதளத்தைத் திறந்து, பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் போட்டு, உங்களுக்கும் அய்யாவுக்கும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். அதில் 'இந்தத் தேதிவரை அனுமதி' என்று ஒரு தேதி இருக்கும். இருவருக்கும் ஒரே தேதிதானா, விசா வகை பி2 (டூரிஸ்ட் விசாவின் குறி) என்று இருக்கிறதா, பெயர் சரியா என்று பார்த்து அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கணவனுக்கு ஒரு தேதி, மனைவிக்கு ஒரு தேதி என்று வருவதும் உண்டு.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் இதில் ஒரு தனித் தொல்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தைக் காலியாக விட்டு, ஒரே பெயராக வைத்திருப்போம். அமெரிக்க விசாவில் அந்தப் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு என்று அச்சிட்டுவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான குறி அது. இணையதளத்தில் உங்கள் பதிவு வரவில்லை என்றால், விசாவில் அச்சாகியிருப்பது போலவே போட்டுப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் இரண்டு கட்டங்களிலும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். தேதியோ விசா வகையோ தவறாக இருந்தால் சிபிபியின் 'டிஃபர்டு இன்ஸ்பெக்ஷன்' அலுவலகத்தில் சொல்லித் திருத்தலாம். நாள் ஆக ஆக விளக்குவது கடினம், உடனே செய்யச் சொல்லுங்கள்.

பி2 விசாவில் வரும் பெற்றோருக்குப் பொதுவாக ஆறு மாதம் கொடுக்கிறார்கள். நீங்கள் மே 4ஆம் தேதி இறங்கினால் நவம்பர் 3 என்று தேதி விழும். 'வருடத்தில் ஆறு மாதம் உள்ளே, ஆறு மாதம் வெளியே' என்று ஒரு விதி இருப்பதாகப் பலர் சொல்வார்கள். அப்படி எழுதப்பட்ட விதி கிடையாது. இரண்டு பயணங்களுக்கு நடுவே இத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்றும் சட்டத்தில் இல்லை. ஆனால் கவுண்டர் அதிகாரியின் திரையில் உங்கள் போன பயணத்தின் நாட்கள் எல்லாம் தெரியும். வெளியே இருந்ததைவிட உள்ளே இருந்த காலம் அதிகம் என்றால், 'இவர்கள் இங்கே வந்து போகிறார்களா, இங்கேயே குடியிருக்கிறார்களா' என்ற சந்தேகம் அவருக்கு வரும். நீங்கள் ஐந்தரை மாதம் இருந்து, எட்டு மாதம் வெளியே இருந்திருக்கிறீர்கள். இது நல்ல கணக்குதான்.

இனி நண்பர் பயமுறுத்திய விஷயம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நிறையப் பயம் இருக்கிறது. டூரிஸ்ட் விசாவில் வேலை செய்யக் கூடாது. பேரக் குழந்தையைக் கொஞ்சுவதும், பிரசவித்த மகளுக்குப் பத்தியச் சாப்பாடு செய்து போடுவதும் வேலை இல்லை. உலகத்தில் எல்லாத் தாய்மாரும் செய்வது. அதே சமயம், டே கேர் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டு, மகள் வேலைக்குப் போகத் தாயை மாதக்கணக்கில் வரவழைப்பது போலத் தெரிந்தால், ஆயாவுக்குப் பதில் ஆள் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று ஒரு அதிகாரி நினைக்க இடம் இருக்கிறது. சம்பளம் வாங்கவில்லையே என்ற பதில் அந்த இடத்தில் முழுதாகக் காப்பாற்றாது. அதனால்தான் ஒரு வருடம் இருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வது என்ற மகளின் திட்டமே எனக்குச் சரியாகப் படவில்லை.

என்ன சொல்வது? உள்ளதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். 'எதற்கு வந்தீர்கள்?' 'மகளுக்குப் பிரசவம், கூட இருக்க வந்திருக்கிறோம்.' 'எத்தனை நாள்?' 'அக்டோபர் கடைசியில் திரும்புகிறோம், டிக்கெட் இருக்கிறது.' கேட்காத கேள்விக்குப் பதில் வேண்டாம். ஆசிரியராக இருந்தவர்களுக்கு இது கஷ்டம் என்று தெரியும், விளக்கிச் சொல்லாமல் இருக்க முடியாது! ஆனாலும் அங்கே சுருக்கம்தான் நல்லது.

பிரசவத்தை மறைத்துவிட்டு 'ஊர் சுற்றிப் பார்க்க' என்று மட்டும் சொல்லச் சொன்னால் கேட்காதீர்கள். அதிகாரி அடுத்த அறையில் உட்காரவைத்து, கைப்பேசியைத் திறந்து பார்க்கலாம்; எல்லையில் அவர்களுக்கு அந்த அதிகாரம் உண்டு. குடும்ப வாட்ஸாப் குழுவில் மகள் எழுதிய நாலு வரியே போதும், நீங்கள் சொன்னது பொய் என்று ஆகிவிடும். அங்கிருந்தே விரைவு வெளியேற்ற உத்தரவு போட்டால் ஐந்து வருடம் நுழைய முடியாது. முக்கியமான விஷயத்தில் பொய் சொன்னதாகப் பதிவானால் ஆயுள் முழுக்கத் தடை. தனியாக விலக்கு வாங்கினால்தான் அப்புறம் விசா. உண்மையே உங்களுக்குச் சாதகமாக இருக்கும்போது பொய் எதற்கு?

ஆறு மாதத்துக்குமேல் இருந்தே ஆக வேண்டிய நிலை வந்தால் அதற்குச் சட்டப்படியான வழி இருக்கிறது: ஐ-539 என்ற படிவம். ஐ-94 தேதி முடிவதற்கு முன்பே யுஎஸ்சிஐஎஸ் கையில் அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். குறைந்தது 45 நாள் முன்னதாகவே போடும்படி அவர்களே சொல்கிறார்கள். நவம்பர் 3 கெடு என்றால் செப்டம்பர் 19க்குள். கணவன் மனைவி சேர்ந்தே விண்ணப்பிக்கலாம், இரண்டாமவருக்கு ஐ-539ஏ என்ற துணைப் படிவம். 2024 ஏப்ரலில் மாறிய கட்டணப்படி ஆன்லைனில் 420 டாலர், தாளில் 470 டாலர். கட்டும் அன்று தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏன் கூடுதலாக இருக்க வேண்டும், எப்போது திரும்புவீர்கள், செலவை யார் பார்க்கிறார்கள், ஊரில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்பதைக் கடிதமாக எழுதி, பென்ஷன் தாள், வீட்டுப் பத்திரம் போன்றவற்றின் நகலோடு இணைக்க வேண்டும்.

இந்த விண்ணப்பத்தில் காரணம்தான் உயிர். சிசேரியனுக்குப் பிறகு மகளுக்கு உடம்பு தேறவில்லை, குழந்தை குறைமாதத்தில் பிறந்து மருத்துவமனையில் இருக்கிறது, உங்களில் ஒருவருக்கு டாக்டர் விமானப் பயணம் கூடாது என்று சொல்லிவிட்டார் என்பவை எல்லாம் காரணங்கள். 'குழந்தைக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை' என்பது பலவீனமான காரணம் மட்டுமல்ல, நான் மேலே சொன்ன ஆயா சந்தேகத்தை நீங்களே எழுத்தில் கொடுத்தது போல ஆகும்.

கெடுவுக்குள் முறையாகப் போட்ட விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் காலம் சட்டவிரோதத் தங்கலாகக் கணக்கில் சேராது. மறுத்துவிட்டால் மறுநாளிலிருந்து கணக்கு ஓட ஆரம்பிக்கும். அன்றே டிக்கெட் போட வேண்டியதுதான். பல நேரம் நீங்கள் கேட்ட கூடுதல் காலமே முடிந்துவிடும், முடிவு வந்திருக்காது. அந்த நிலையில் நீங்கள் கேட்டிருந்த தேதிக்குள் கிளம்பிவிடுவதுதான் புத்திசாலித்தனம். விண்ணப்ப ரசீதையும் திரும்பிய விமானத்தின் போர்டிங் பாஸையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், அடுத்த முறை கேட்டால் காட்ட வேண்டும். நீட்டிப்பு கிடைத்தால் புதிய தேதி யுஎஸ்சிஐஎஸ் அனுப்பும் ஐ-797 கடிதத்தின் அடியில் இருக்கும். சிபிபி தளத்தில் பழைய தேதியே காட்டும். அது கண்டு பயப்படாதீர்கள், அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

கெடு தாண்டினால் என்ன ஆகும் என்பதிலும் ஒரு தவறான பேச்சு உலவுகிறது: '180 நாள் தாண்டினால்தான் பிரச்சினை.' இது இரண்டு விதிகளைக் கலந்ததால் வந்த வினை. ஐ-94 தேதியை ஒரே ஒரு நாள் தாண்டினாலும் உங்கள் பத்து வருட விசா தானாகவே செல்லாமல் போய்விடும். மறுபடி முதலிலிருந்து விண்ணப்பித்து இன்டர்வியூவில் நிற்க வேண்டும். 180 நாள் என்பது அதற்கு மேல் வரும் தண்டனை. 1996இல் வந்த சட்டப்படி, கெடுவுக்குப் பிறகு 180 நாளுக்குமேல், ஒரு வருடத்துக்குள் இருந்துவிட்டுக் கிளம்பினால் மூன்று வருடத் தடை. ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் பத்து வருடம். அமெரிக்க விமான நிலையங்களில் கிளம்பும்போது நம் ஊர் போல இமிக்ரேஷன் கவுண்டர் இல்லாததால், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். விமான நிறுவனங்கள் பயணிகள் பட்டியலைக் கொடுத்துவிடுகின்றன. எந்த நாள் கிளம்பினீர்கள் என்பது பதிவில் இருக்கும்.

கனடா யோசனை சொன்னவருக்கு ஒரு வார்த்தை. 30 நாளுக்குள் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய்த் திரும்பினால், கையில் இருக்கும் ஐ-94லேயே மிச்ச நாட்களுக்கு உள்ளே விடுவதுதான் வழக்கம். புதிதாகக் கொடுப்பது அதிகாரியின் விருப்பம். கெடு முடியும் வாரத்தில் எல்லைக்குப் போய்த் திரும்பி வருபவர்களை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள், இரண்டு கேள்வியில் புரிந்துவிடும். இன்னொன்று, நயாகரா பார்க்க மருமகன் அழைத்துப் போனால் அமெரிக்கக் கரையிலிருந்தே பாருங்கள். எதிர்க்கரையில் காட்சி நன்றாக இருக்கும் என்று பாலத்தைத் தாண்ட வேண்டுமென்றால் உங்களுக்குக் கனடா விசா தனியாக வேண்டும். அமெரிக்க விசாவை வைத்துக்கொண்டு தாண்ட முடியாது.

அப்படியானால் குழந்தையின் முதல் வருடத்துக்கு என்ன வழி? நம் குடும்பங்கள் பல வருடமாகச் செய்து வருவதுதான்: முதல் ஐந்தாறு மாதம் பெண்ணின் அப்பா அம்மா, அப்புறம் மாப்பிள்ளை வீட்டார். அதற்குச் சம்பந்தி வீட்டாரின் விசாதான் தடை என்கிறீர்கள். அவர்களுக்கு என்ன சொல்லி மறுத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கையில் கொடுத்த தாளில் 214(பி) என்று இருந்தால் கலங்க வேண்டாம். அந்நாட்டுச் சட்டம் டூரிஸ்ட் விசா கேட்டு வருபவர் யாரையும் குடியேற வருபவர் என்றே முதலில் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. இல்லை என்று காட்டுவது நம் பொறுப்பு. அன்று அதிகாரிக்கு அந்த நம்பிக்கை வரவில்லை, அதுதான் 214(பி). அது நிரந்தரத் தடை இல்லை. மேல்முறையீடு கிடையாது, ஆனால் மறுபடி விண்ணப்பிக்க இத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதியும் கிடையாது. டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தைப் புதிதாக நிரப்பி, 185 டாலர் மறுபடி கட்ட வேண்டும்.

மறுபடி போகும்போது என்ன மாறியிருக்கிறது என்பது முக்கியம். பெரிய ஃபைலைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அதிகாரி அதைத் திறக்கச் சொல்லாமலே இரண்டு மூன்று நிமிடத்தில் முடிவெடுத்துவிடுவார். வாயால் சொல்லும் பதிலும் படிவத்தில் எழுதியதும் ஒத்துப் போக வேண்டும். 'எத்தனை நாள் இருப்பீர்கள்' என்றதற்கு 'மகனைத்தான் கேட்க வேண்டும்' என்று சொல்லி மறுப்பு வாங்கியவர்கள் உண்டு. சம்பந்தி அய்யா இன்னும் கடையோ விவசாயமோ பார்க்கிறார் என்றால், அதை விட்டுவிட்டு எத்தனை மாதம் இருக்க முடியும் என்று அவரே யோசித்து, தன் வாயால் ஒரு தெளிவான காலத்தைச் சொல்லட்டும். ஏஜென்ட் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டாம்.

கிரீன் கார்டு வாங்கிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே என்று யாராவது கிளப்புவார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். பெற்றோருக்கு மனுப் போட 21 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமகனாலோ குடிமகளாலோதான் முடியும். ஹெச்1பியில் இருக்கும் உங்கள் மகளால் இப்போது முடியாது. நாளைக்கே அவளுக்குக் கிரீன் கார்டு வந்தாலும் முடியாது, குடியுரிமை வாங்கிய பிறகுதான்.

கடைசியாக அய்யாவின் பாஸ்போர்ட். பழைய பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா 2031 வரை செல்லும். பழையது, புதியது இரண்டையும் சேர்த்தே எடுத்துப் போக வேண்டும். விசா தாளைப் பிய்த்துப் புதியதில் ஒட்ட முயற்சி செய்யாதீர்கள். பிய்த்தால் அது செல்லாது. இரண்டிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். செக்-இன் பெட்டிக்குள் பழையதைப் போட்டுவிட்டுக் கவுண்டரில் திண்டாடுபவர்கள் அதிகம், அதனால் இரண்டும் கைப்பையில் இருக்கட்டும். அதோடு மகளின் வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கைப்பேசி சார்ஜ் இல்லாமல் போனாலும் கையில் இருக்கும். அபுதாபி வழியாக எதிஹாட்டில் போவதாக இருந்தால், இமிக்ரேஷன் கேள்விகள் எல்லாம் அபுதாபியிலேயே முடிந்துவிடும். அங்கே விமானம் மாறக் கொஞ்சம் தாராளமாக நேரம் இருக்கும்படி டிக்கெட் போடச் சொல்லுங்கள். அதிகாரியின் ஆங்கிலம் பிடிபடவில்லை என்றால் தலையாட்டி வைக்காமல் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், தொலைபேசியில் ஏற்பாடு செய்வார்கள்.